ஊர்ப் போர் நினைவுத்தூணில் அத்தனை பெயர்கள். தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் போர்வீரர் கல்லறை ஒன்றிரண்டுதான். இங்கிலாந்து கிராமங்களில் ஏன் இப்படி?

முதல் உலகப் போரில் வெளிநாட்டில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டன் தடை போட்டிருந்தது. பிரான்சிலோ துருக்கியின் கலிப்போலியிலோ இறந்தவருக்குச் சொந்த ஊரில் மிஞ்சியது தூணில் ஒரு பெயர்தான். தோட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் உள்நாட்டிலேயே காயத்தாலோ, 1918 ஃப்ளூவாலோ, பயிற்சி விபத்திலோ இறந்தவர்கள்.

அவர்களுடைய கல்லைக் கண்டுபிடிப்பது சுலபம்: சுமார் 81 செ.மீ. உயரம், பெரும்பாலும் வெள்ளை, மேல்விளிம்பு லேசான வளைவு, உச்சியில் படைப்பிரிவின் சின்னம். அடியில் குடும்பத்தார் எழுதிய வரி இருந்தால் நின்று படியுங்கள். 66 எழுத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது; எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் வேறு கேட்டார்கள், மகனைப் பறிகொடுத்தவர்களிடம்! கல்லில் 1920 என்றிருந்தால் குழம்ப வேண்டாம், 1921 ஆகஸ்ட் 31 வரை போர்க்கால இறப்பாகவே கணக்கு. அப்புறம், பக்கத்துக் குடும்பக் கல்லறைகளையும் பாருங்கள். தூணில் உள்ள மகன் பெயர் சில சமயம் பெற்றோர் கல்லிலும் இருக்கும்.