பத்தாயிரம் ரூபாயில் படுக்கையறையை மாற்ற முடியுமா?

கேள்வி: சென்னையில் வாடகை வீடு. படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. சுவர் மங்கிப்போய், ஒரு மூலையில் பெயின்ட் உரிந்து நிற்கிறது. பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். நான்கு சுவரிலும் வால்பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன், சரியா? வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார்.

பதில்: வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். 45 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரு ரோல் ஏறக்குறைய 48 சதுர அடிக்கு வரும். உங்கள் அறையின் சுற்றளவு 44 அடி, உயரம் பத்தடி என்று வைத்து, கதவு ஜன்னலைக் கழித்தாலும் 390 சதுர அடி இருக்கும். டிசைன் பொருந்த வெட்டும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒன்பது ரோலாவது வேண்டும். அவ்வளவு செலவு செய்து ஒட்டினாலும், வாடகை வீட்டுச் சுவரில் இருப்பது பெரும்பாலும் டிஸ்டம்பர் என்கிற மலிவான, மாவு உதிரும் பெயின்ட்தான். கையால் தடவிப் பாருங்கள், வெள்ளையாக மாவு ஒட்டினால் அது டிஸ்டம்பர். ஸ்டிக்கரின் பசை அந்த மாவைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது; வெயில் ஏற ஏற ஓரம் கிளம்பிவிடும். ஒருவேளை நன்றாக ஒட்டிக்கொண்டாலும் தொல்லைதான், காலி செய்யும்போது பெயின்ட்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும், அந்தச் செலவை உங்கள் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

எனக்கு அதைவிடக் கவலை அந்த உரிந்த மூலைதான். அது ஓதமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் அந்த இடத்தில் விட்டுவையுங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், ஈரம் கோத்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. பின்னால் குளியலறையோ குழாயோ போகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரச்சுவர் மேல் பிளாஸ்டிக் ஸ்டிக்கரை ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும், நீங்கள் தூங்குகிற அறையில் அந்தக் காற்றைத்தான் இரவு முழுக்க சுவாசிப்பீர்கள். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் கேட்கவே வேண்டாம். அழகுபடுத்துவதில் நான் பிடிவாதமாகச் சொல்வது இந்த ஒன்றுதான்: ஈரத்தை மூடி மறைக்கச் செலவு செய்யாதீர்கள். போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 2019-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. சண்டை போடச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அப்புறம் மாற்றத்துக்கு வருவோம். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள். 120 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர் எமல்ஷன் போதும். பழைய டிஸ்டம்பர் மேல் அப்படியே அடித்தால் பாளம் பாளமாக வரும், அதனால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஒரு கோட் பிரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன். வீட்டுக்காரரிடம் நிறத்தைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாட்ஸ்அப் பதில் இருந்தால் போதும்.

அடுத்தது வெளிச்சம். மிகக் குறைந்த செலவில் அறையே மாறிப்போவது இதில்தான், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் படுக்கையறையிலும் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்தான் எரிகிறது, ரேஷன் கடை வெளிச்சம் போல. பெருக்குவதற்கும் இஸ்திரி போடுவதற்கும் அது இருக்கட்டும். படுக்கும் முன் எரிய ஒரு சின்ன டேபிள் விளக்கு வாங்கி, அதில் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் எல்இடி போடுங்கள். எண் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், ‘வார்ம் ஒயிட்’ என்றும் இருக்கும்.

திரைச்சீலைக்கு ஆணி தேவையில்லை. ஜன்னல் சட்டத்துக்கு நடுவில் இறுக்கி நிறுத்துகிற ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது, மெல்லிய காட்டன் துணியைத்தான் தாங்கும், கனமான துணி போட்டால் நழுவி விழும். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். ரெடிமேட் ஸ்கிரீன் பெரும்பாலும் நான்கடி அகலம், ஆகவே நான்கடி ஜன்னலுக்கு இரண்டு வாங்குங்கள். ஒன்றே ஒன்றை இழுத்துக் கட்டினால் துண்டு காயப்போட்ட மாதிரி இருக்கும்.

மிச்சப் பணத்துக்கு, குறைந்த கரன்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன் வாங்கலாம் என்பது என் யோசனை. இதென்ன அலங்காரமா என்று கேட்பீர்கள். சென்னையில் மே மாதம் வேர்த்துக்கொண்டு படுத்தால் எந்த அலங்காரமும் கண்ணில் படாது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவில் நிற்கும். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கரன்ட் கணக்கில் 27 யூனிட் குறையும், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடானால் அது அப்படியே உங்கள் கையில் நிற்கும். பழைய ஃபேனைத் துணி சுற்றிப் பரணில் வையுங்கள், காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம்.

கேள்வி: ஆன்லைனில் ‘கிளேஸ் காட்டன்’ என்று போட்டிருந்த டபுள் பெட்ஷீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். படுத்தால் முதுகெல்லாம் வேர்க்கிறது. இது காட்டன் இல்லையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்தப் பெயரில் விற்பது அநேகமாக பாலியஸ்டர்தான். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சிங்க் மேல் பிடித்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மெத்தென்ற சாம்பலானால் பருத்தி, சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். வாங்கும்போது ‘100 சதவீதம் காட்டன்’ என்ற வார்த்தையைத் தேடுங்கள், வெறும் ‘காட்டன் ஃபீல்’ என்பதற்கெல்லாம் அர்த்தமே இல்லை. ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை நூல் என்கிற ‘த்ரெட் கவுன்ட்’ ஆயிரம் என்று போட்டால் மயங்காதீர்கள், பல புரி நூலைத் தனித்தனியாக எண்ணிக் காட்டுவார்கள். நம் வெயிலுக்கு 200, 300 தாராளம்.

ஆன்லைனில் தேடுவானேன்? உலகத்துக்கே பெட்ஷீட் அனுப்புகிற கரூர் நம்மிடம் இருக்கிறது, ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு உள்ளூர்க் கடைகளுக்கும் வருகிறது. கையால் தொட்டு, விரித்து, ஓரம் தைத்திருப்பதைப் பார்த்து வாங்கலாம். சென்னிமலைப் போர்வை துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கோ-ஆப்டெக்ஸில் பண்டிகை நேரத்துத் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குங்கள், காசு நெசவாளருக்கும் போய்ச் சேரும். டபுள் என்றால் 90க்கு 100 அங்குலம், மெத்தை கனமாக இருந்தால் 108க்கு 108 பாருங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய அலமாரியைப் பிரித்தால் மூலை நொறுங்கியிருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருக்கிறதே என்கிறார்கள்.

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது: பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. போட்டோவோடு கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது.

இன்னொன்று, ‘இன்ஜினியர்டு உட்’ என்று விற்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்டிஎஃப், அதாவது மரத்தூளையும் மர நாரையும் பசை போட்டு அழுத்திய பலகை. தண்ணீர் பட்டால் ஊதும், ஒரு தடவை கழற்றி மாட்டினால் திருகு பிடிக்காது. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் இந்த விலைக்குப் பழைய இரும்பு பீரோ வாங்கி, கார் பெயின்ட் அடிக்கிற இடத்தில் பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கல்யாணத்துக்குக் கொடுத்த இலவம் பஞ்சு மெத்தை கட்டிகட்டியாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். மெத்தை தைக்கும் கடையில் கொடுத்தால் பஞ்சைப் பிரித்து, அடித்து, கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்து, புது உறை போட்டுத் தருவார்கள். கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், நல்ல இலவம் பஞ்சை வாங்கிக்கொண்டு கழிவுப் பஞ்சைக் கலப்பவர்கள் உண்டு. கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் எடை போடுங்கள். கட்டிலின் உள்ளளவை நீங்களே டேப் வைத்து அங்குலத்தில் எடுத்துப் போங்கள். ‘ஆறுக்கு ஐந்து’ என்று வாயால் சொன்னால் 72 அங்குலத்துக்குத் தைத்துவிடுவார்கள், உங்கள் கட்டில் 75ஆக இருந்தால் கால்மாட்டில் மூன்று அங்குலம் காலியாகக் கிடக்கும்.