ஏரி அட்டையை எது தின்னும்?

கேள்வி: நிலத்தை ஒட்டிய ஏரியில்தான் மாடுகளைத் தண்ணீருக்கு விடுகிறேன். கரையேறும்போது காலிலும் மடியிலும் அட்டை ஒட்டிக்கொண்டு வருகிறது. மீனோ வாத்தோ விட்டால் ஒழியுமா? மருந்து போடலாமா?

பதில்: மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். மயில்துத்தம் போன்றதைக் கொட்டினால் அட்டையைத் தின்னும் உயிர்களும் சேர்ந்து சாகும்.

அட்டைக்கு எதிரிகள் ஏராளம். மீன், வாத்து, கொக்கு, ஆமை எல்லாம் தின்னும். தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சும் நீர்வண்டும் குட்டி அட்டையைப் பிடிக்கும். ரத்தம் குடிக்காத சில அட்டைகள் சின்ன அட்டைகளையே விழுங்கிவிடும்.

அப்புறம் ஏன் குறையவில்லை? கரையோரம் கிடக்கும் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடியில் சுருண்டு ஒட்டியிருக்கும். பகலில் பெரும்பாலும் கல், மட்கிய இலை, அடர்ந்த நீர்ச்செடி இவற்றுக்குள்தான் பதுங்கும். கண்ணால் பார்த்து இரை தேடும் மீனுக்கு அது எட்டாது. கெளுத்தி அப்படியில்லை, இருட்டிய பிறகு மீசையால் அடித்தரையைத் துழாவித் தின்னும். ஏரியில் ஏற்கெனவே கெளுத்தி இருந்தால் அதைப் பிடிக்காமல் விட்டுவையுங்கள். வெளியூர் மீன் எதையும் புதிதாகக் கொண்டுவந்து விடாதீர்கள்.

முதல் வேலை, மாடு இறங்கும் துறையில் செடியையும் அழுகிய தழையையும் வாரி வெளியே போடுவது. ஒளிய இடமில்லாத அட்டைதான் மீன் வாயில் விழும். கூடவே, மூடியுள்ள தகர டப்பாவில் ஆணியால் வெளியிலிருந்து உள்ளே குத்தி ஓட்டை போட்டு, பச்சை ஈரலை வைத்து, கயிறு கட்டி மாலையில் ஆழமில்லாத தண்ணீரில் இறக்குங்கள். ஓட்டையின் கூர்விளிம்பு உள்பக்கம் இருப்பதால் நுழைந்தது எளிதில் வெளியேறாது. விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

வாத்து விடலாம், ஆனால் கவனம் தேவை. வாத்தின் மூக்குக்குள்ளேயே புகுந்து ரத்தம் குடிக்கும் அட்டையும் உண்டு. தலையை உதறிக்கொண்டே இருந்தால் மூக்கைப் பாருங்கள்.

மாட்டுக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. குடிக்கும்போது குட்டி அட்டை மூக்குக்குள் போய்விடும். முடிந்தவரை தண்ணீரை இறைத்துத் தொட்டியில் வலையால் வடிகட்டி ஊற்றுங்கள். மூக்கில் ரத்தம் கசிந்தால் நீங்களே நோண்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் ஒட்டியதைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒல்லியாக இருக்கும் வாய்முனையின் கீழே நகத்தைச் செருகி நெம்பினால் விட்டுவிடும். பிறகு பின்முனையையும் அதேபோல் எடுங்கள்.