கம்பெனி லாரியில் போகும்போது அடிபட்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: அண்ணே, எனக்கு வயது 31. ஊர் சிவகங்கை பக்கம். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை பார்க்கிறேன். ஆறு வாரத்துக்கு முன் காலையில் டார்மிட்டரியில் இருந்து சைட்டுக்குக் கம்பெனி லாரியில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த டிப்பர் மோதியதில் வலது கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் "இது ரோட்டில் நடந்த ஆக்சிடென்ட், சைட்டில் நடந்தது இல்லை, டிப்பர்காரன் இன்சூரன்ஸ்தான் தரணும்" என்கிறார். ஆஸ்பத்திரி வார்டுக்கே ஒருவர் வந்து, வக்கீல் வைத்துத் தருகிறேன் என்று 300 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) கையில் கொடுத்து இரண்டு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது கம்பெனி டிக்கெட் போட்டுத் தருகிறது. ஊரில் போய் ஓய்வெடு, பணம் பிறகு வரும் என்கிறார்கள். போகலாமா?

பதில்: தம்பி, இப்போது போகாதீர்கள். அந்த டிக்கெட் ஒரு ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

சூப்பர்வைசர் சொன்னதில் இருந்து தொடங்குகிறேன். இங்கே எல்லாமே அதில்தான் தொங்குகிறது. அவர் சொன்னது தவறு. சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று உண்டு. நம் ஆட்கள் ‘விக்கா’ என்பார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019-ல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1 முதல் அமலான சட்டம். வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் இருக்கும்போது அடிபட்டால், அதை வேலையில் பட்ட காயமாகவே அந்தச் சட்டம் பார்க்கிறது. இடித்தது யார், தப்பு யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது. (லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றிப் போவதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

இதே நீங்கள் அன்றைக்கு 170-ஆம் நம்பர் பஸ்ஸிலோ எம்.ஆர்.டி. ரயிலிலோ வேலைக்குப் போயிருந்தால் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு சைக்கிளில் போகும்போது கார் தட்டியிருந்தாலும் அப்படித்தான். விக்கா வராது. இடித்த வண்டியின் இன்சூரன்ஸைத்தான் கேட்க வேண்டும். இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்றாலோ, வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றாலோ, மோட்டார் காப்பீட்டாளர்கள் நடத்தும் மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ என்ற அமைப்பை அணுகலாம். ஆனால் அப்போதும் வொர்க் பெர்மிட்காரரின் ஆஸ்பத்திரிச் செலவு முதலாளி தலையில்தான் விழும். அதற்காகத்தான் அவர் வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று விதி. சம்பளத்தில் அந்தக் காசைப் பிடிக்கக் கூடாது.

உங்களுக்கோ இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஒன்று, கம்பெனியின் விக்கா இன்சூரன்ஸ். இன்னொன்று, டிப்பர்காரன் மீது சிவில் வழக்கு, ‘காமன் லா’ என்பார்களே, அது. ஆனால் ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது. உங்களுக்குக் கொடுத்த பணத்தைக் கம்பெனியின் இன்சூரன்ஸ் பின்னால் டிப்பர்காரனிடம் வசூலிக்கப் பார்க்கலாம். அது அவர்கள் இருவர் பாடு, உங்களைக் காக்க வைக்க அதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது.

எந்த வழி நல்லது? விக்காவில் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை, வக்கீல் கட்டாயமில்லை, பணம் ஒரு கணக்குப்படி வரும். ஆனால் உச்சவரம்பு உண்டு. சிவில் வழக்கில் உச்சவரம்பு இல்லை. வலி வேதனைக்கு, இனி சம்பாதிக்க முடியாமல் போவதற்கு எல்லாம் கேட்கலாம். ஆனால் அவன் தப்பு என்று நிரூபிக்க வேண்டும், வக்கீல் செலவு உண்டு, வருடக்கணக்கில் இழுக்கவும் கூடும். உங்கள் விஷயத்தில் பின்னால் வந்து மோதியதால் தப்பு யாருடையது என்பதில் பெரிய சிக்கல் இருக்காது. ஆனாலும் இன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். கால் எந்த அளவுக்குச் சரியாகும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் வழி தேர்ந்தெடுப்பது, மூட்டையைப் பிரிக்காமலே விலை பேசுவது மாதிரி.

நான் இத்தனை வருடமாகச் சொல்லிவரும் முறை இதுதான்: விக்கா கோரிக்கையை இப்போதே பதிந்துவிடுங்கள், சிவில் வழியைத் திறந்தபடி வையுங்கள். விக்காவுக்குக் கெடு விபத்து நாளில் இருந்து ஒரு வருடம். சிவிலுக்கு மூன்று வருடம். மருத்துவர் ‘பாயிண்ட்’ (நிரந்தர ஊனத்தின் சதவீதம்) போட்டு, எவ்வளவு பணம் என்ற கணக்கு அறிவிப்பை இன்சூரன்ஸ் அனுப்பி, அது உறுதியாகும் முன் விக்காவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சிவிலுக்குப் போகலாம். உறுதியான பிறகு முடியாது. தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து. முதலில் சிவில் வழக்கு என்று கிளம்பி, அது இழுத்துக்கொண்டே ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால், விக்கா கதவு மூடிவிடும்.

அதனால்தான் அந்த 300 வெள்ளிக்காரரைப் பற்றி எனக்குக் கவலை. ஆஸ்பத்திரி வார்டிலும் டார்மிட்டரி வாசலிலும் கேஸ் பிடிக்கும் தரகர்கள் புதிதல்ல. இப்படி ஆள் வைத்துக் காசு கொடுத்துக் கேஸ் பிடிக்க வக்கீல்களுக்கு இங்கே அனுமதி கிடையாது. "ஜெயித்தால் இத்தனை சதவீதம் எங்களுக்கு" என்ற பேச்சும் இந்த மாதிரி வழக்குகளில் செல்லாது. நீங்கள் கையெழுத்துப் போட்டது வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளாகத்தான் இருக்கும். அந்த அலுவலகத்தின் பெயரைக் கண்டுபிடித்து, இரண்டு தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். "என் அனுமதி இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டாம்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் என்றாலும் சரி, எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வக்கீலை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. அதுவரை செய்த வேலைக்கு நியாயமான கட்டணம் கேட்கலாம். அந்த 300-ஐக் காட்டி உங்களைக் கட்டிப்போட முடியாது.

சரி, கம்பெனி பக்கம் வருவோம். மருத்துவர் ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்தாலே அந்தக் காயத்தை மனிதவள அமைச்சுக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும். அதற்கு 10 நாள் கெடு. ஆறு வாரம் ஆகிவிட்டது. தெரிவித்திருக்கிறார்களா என்று அமைச்சிடமே நேரடியாகக் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே கோரிக்கை போடலாம், முதலாளி கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லாருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், விக்கா இன்சூரன்ஸ் எடுப்பது கட்டாயம். எடுக்கவில்லை என்றால் முதலாளி சொந்தக் காசில் கொடுக்க வேண்டும்.

விக்காவில் மூன்று வகைப் பணம் வரும். மருத்துவச் செலவு ஒன்று. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்து நாளில் இருந்து ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அது.

அடுத்தது எம்சி சம்பளம். இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களும் மருத்துவமனை எம்சி நாட்களும் 60 நாள் வரை முழுச் சம்பளம். சாதாரண எம்சி என்றால் 14 நாள் வரை முழுசு. அதற்கு மேல் ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. இந்த ‘சம்பளம்’ அடிப்படைச் சம்பளம் இல்லை. முந்தைய 12 மாதத்தில் ஓடி (ஓவர்டைம்) எல்லாம் சேர்த்து வாங்கியதன் மாதச் சராசரி. அடிப்படை 600, ஓடி சேர்த்துச் சராசரி 1,050 வெள்ளி என்று வையுங்கள். முழுச் சம்பளம் என்றால் 1,050, மூன்றில் இரண்டு என்றால் 700. கம்பெனி 600-ஐயே முழுசு என்று கொடுத்து, 400-ஐ மூன்றில் இரண்டு என்று கொடுத்தால் எவ்வளவு போகிறது பாருங்கள். உங்கள் பே ஸ்லிப்பும் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய விவரமும் இதற்குச் சாட்சி. மருத்துவர் எம்சி தராமல் லைட் டூட்டி எழுதினாலும் வருமான இழப்புக்கு இதே சராசரிதான் கணக்கு. ஆகவே, எம்சி-யைக் கொடுத்துவிட்டு சைட் ஆபீஸில் சும்மா உட்கார் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

மூன்றாவது, பெரிய தொகை: நிரந்தர ஊனத்துக்கானது. உங்கள் சராசரிச் சம்பளத்தை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்கி, அதை ஊனத்தின் சதவீதத்தால் பெருக்குவார்கள். அந்தச் சதவீதத்தைத்தான் நம் ஆட்கள் பாயிண்ட் என்கிறார்கள். குறைந்த சம்பளக்காரர்களைக் காக்க ஒரு தரைமட்டம் வைத்திருக்கிறார்கள். முழு ஊனத்துக்குக் குறைந்தது 116,000, அதிகபட்சம் 346,000 வெள்ளி. (இதுவும் 2025 நவம்பர் 1-க்குப் பிந்தைய விபத்துகளுக்குத்தான்.) அதாவது பாயிண்டுக்கு 1,160 வெள்ளிக்குக் குறையாது. உங்கள் காலுக்கு 10 பாயிண்ட் என்று வந்தால், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 11,600-க்குக் கீழே போகாது. மேலே 34,600-ஐத் தாண்டாது. எத்தனை பாயிண்ட் வரும் என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, நடை எப்படி இருக்கிறது என்று பார்த்து மருத்துவர்தான் போட வேண்டும்.

ஊருக்குப் போகாதீர்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். பாயிண்ட் போடுவது சிங்கப்பூரில் பதிவுபெற்ற மருத்துவர். காயம் நிலைப்பட்ட பிறகு, அல்லது விபத்து நடந்து ஆறு மாதம் ஆனபின் அப்போது இருக்கும் நிலையை வைத்துப் போடுவார். சிவகங்கையில் எடுத்த எக்ஸ்ரேயும் அங்குள்ள சர்ட்டிபிகேட்டும் உங்கள் சிகிச்சைக்கு உதவும், பாயிண்டுக்கு அவை போதாது. நடுவில் கிளம்பினால் இங்கே அப்பாயின்ட்மென்ட் தவறும், ஃபைலில் இடைவெளி விழும். "ஆள் வரவில்லை" என்று ஒரு வரி ஏறிவிட்டால் அதை அழிப்பது கஷ்டம்.

பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்களே என்று பயப்படுவீர்கள். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது தங்குவதற்கு அமைச்சு ஸ்பெஷல் பாஸ் தரும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடும் தங்குமிடமும் அதுவரை முதலாளி பொறுப்பு. நிறுத்தினால் உடனே அமைச்சிடமோ, வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ, டிடபிள்யூசி2, ஹோம் போன்ற தொண்டு அமைப்புகளிடமோ சொல்லுங்கள். இது வழக்கமான புகார்தான், தமிழ் பேசுகிறவர்களும் இருப்பார்கள். கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் தகவல் கொடுத்து வைப்பதில் தப்பில்லை.

கணக்கு அறிவிப்பு வந்ததும் கொண்டாடுவதற்கு முன் மூன்று இடத்தைப் பாருங்கள்: சராசரிச் சம்பளம் எவ்வளவு போட்டிருக்கிறார்கள், வயது சரியா, பாயிண்ட் எத்தனை. ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாயிண்டில் தகராறு என்றால் மருத்துவக் குழு பார்க்கும். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் பணம் வர வேண்டும். அந்த நேரத்தில்தான், பாயிண்ட் உங்கள் கஷ்டத்துக்கு ரொம்பக் குறைவு என்று தோன்றினால், ஒரு நல்ல வக்கீலிடம் உட்கார்ந்து சிவில் வழியைப் பேசுங்கள். சாலை விபத்துக் காய வழக்கு என்றால் மாவட்ட நீதிமன்றத்திலேயே 500,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் விக்கா தொகையில் பாதிக்கும் குறைவான வித்தியாசத்துக்காகச் சிவில் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. செலவும் காலமும் அதைத் தின்றுவிடும்.

அந்த நாள் வரைக்கும் இன்றே செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் இருக்கின்றன. டிப்பரின் நம்பரைப் போலீஸ் ரிப்போர்ட்டில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள். நம்பர் இருந்தால் எந்த இன்சூரன்ஸ் என்று கண்டுபிடித்துவிடலாம். அன்று லாரியில் உடன் வந்தவர்களில் இரண்டு பேருடைய போன் நம்பரை, சிங்கப்பூர் நம்பர் மட்டுமல்ல, ஊர் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஆட்கள் கம்பெனி மாறிப் போய்விடுவார்கள். "காலை 6.30-க்கு கேட்டுக்கு வா, லாரி வரும்" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இன்னும் இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அது கம்பெனி வண்டிதான் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எல்லாவற்றையும் தங்கச்சிக்கோ வீட்டில் யாருக்காவதோ ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். கையில் இருக்கும் போன் உடைந்தால் கேஸும் சேர்ந்து உடையக் கூடாது.

அப்புறம், கம்பெனி ஆபீஸில் "டிக்கெட் வாங்கிக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாள் எதையாவது நீட்டினால், போட்டோ எடுத்துக்கொண்டு, படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? அப்படியானால் தள்ளிப்போடாமல் இன்றைக்கே அமைச்சிடம் சொல்லுங்கள்.