கேள்வி–பதில்: எங்கிருந்து அளக்கிறீர்கள்?

கே: உலகின் மிக உயரமான மலை எவரெஸ்ட் இல்லை, மௌனா கியா என்கிறார்களே?

ப: எங்கிருந்து அளந்த உயரம்? கடல் மட்டத்திலிருந்து என்றால் எவரெஸ்ட், 8,849 மீட்டர். கடலுக்கடியில் உள்ள அடிவாரத்திலிருந்து என்றால் ஹவாயின் மௌனா கியா, ஏறக்குறைய 10,200. அதில் தண்ணீருக்கு மேல் தெரிவது 4,200தான். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் இரண்டுமே இல்லை, ஈக்வடாரின் சிம்போராசோ. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு எப்போதும் சொல்வதுதான்: அளவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள்.

கே: தென் துருவத்தை முதலில் அடைந்தவர் ஸ்காட்தானே?

ப: இல்லை. அமுண்ட்சென், 1911 டிசம்பர் 14. ஸ்காட் போய்ச் சேர்ந்தது ஐந்து வாரம் கழித்து.

கே: ‘டான் குயிக்ஸாட்’ நாவல் வெளிவந்த ஆண்டு 1605 என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

ப: முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615. எந்தப் பாகம் என்று சொல்லாமல் கேட்டது அவர்கள் பிழை. மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கே: உலகை முதலில் சுற்றி வந்தவர் மெகல்லன். சரியா?

ப: தவறு. இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, அதுவும் விடையைத் தானே முடிவு செய்துகொண்டு. மெகல்லன் 1519 செப்டம்பரில் ஐந்து கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து புறப்பட்டார். 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். பாதி வழியில் இறந்தவர் எப்படிச் சுற்றி முடித்திருக்க முடியும்?

ஐந்து கப்பல்களில் சான்டியாகோ உடைந்தது. சான் அன்டோனியோ பாதியில் திரும்பி ஓடியது. ஓட்ட ஆள் போதாமல் கான்செப்சியோனை எரித்தார்கள். டிரினிடாட் போர்த்துகீசியரிடம் சிக்கியது. மிஞ்சிய விக்டோரியா, எல்கானோ தலைமையில் 1522 செப்டம்பர் 6 அன்று ஊர் திரும்பியது. புறப்பட்டவர்கள் சுமார் 250, அதில் வந்து சேர்ந்தவர்கள் 18. எழுத வேண்டிய பெயர் எல்கானோ.

மெகல்லன் முன்பே கிழக்கு வழியாக மலாக்கா வரை போனவர்தான். இரண்டு பயணத்தையும் சேர்த்தாலும் மலாக்காவுக்கும் மக்டானுக்கும் இடையே தீர்க்கரேகையில் 20 பாகைக்கு (டிகிரிக்கு) மேல் இடைவெளி இருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதா என்பதுதான் அளவுகோல்.

திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவில் இறங்கினார்கள். கப்பல் கணக்கில் புதன், கரையிலோ வியாழன். நாள்குறிப்பைச் சரியாகத்தான் எழுதி வந்தார்கள். மேற்கு நோக்கியே போய் உலகைச் சுற்றியதில் ஒரு நாள் கழிந்துவிட்டது. வினாவாகக் கேட்க வேண்டியது இதை!

கே: பாவ்லோவா இனிப்புக்கு ஏன் அந்தப் பெயர்? நான் செய்தால் வெடித்துப் பாகு கசிகிறது.

ப: ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் பெயர். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்றும் உரிமை கோருகின்றன. 4 வெள்ளைக்கருவுக்கு 220 கிராம் பொடிச் சர்க்கரை. நன்றாக நுரைத்தபின் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். நுரையை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், நறநறத்தால் சர்க்கரை கரையவில்லை. கசிவுக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். ஓவனில் 120 டிகிரி செல்சியஸ், ஒன்றேகால் மணி நேரம். அணைத்த பிறகு உள்ளேயே ஆறட்டும். சூடாக வெளியே எடுத்தால் வெடிக்கும்.

கே: பழைய ரேடியோ டயலில் 25, 31, 41 என்பது என்ன? 30 வருடம் பரணில் கிடந்த வால்வு செட்டைப் பிளக்கில் போடலாமா?

ப: அலைநீளம், மீட்டரில். 300-ஐ அதால் வகுத்தால் மெகாஹெர்ட்ஸ். 41 மீட்டர் என்றால் ஏழேகால் சொச்சம்.

நேராகப் போடாதீர்கள். உள்ளே கண்டென்சர் (மின்தேக்கி) காய்ந்து ஷார்ட் ஆகியிருக்கும், டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். 60 வாட் குண்டு பல்பைத் தொடரில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி கோத்துப் போடுங்கள் (எல்.இ.டி. உதவாது). பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உடனே அணைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டில் சேசிஸிலேயே (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) மின்சாரம் பாயும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் 250 வோல்ட் தங்கியிருக்கலாம், கை வைக்காதீர்கள்.