டீசல் பிக்கப்: சென்சார் எங்கே, ஈசியூ எங்கே?

கேள்வி: தக்காளி லோடோடு ஒட்டன்சத்திரம் போகும்போது, எஞ்சின் சூடேறியதும் வண்டி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. கிராங்க் சென்சார் என்கிறார்கள். அது எங்கே இருக்கும்?

பதில்: சொன்னவர் அனுபவசாலி. ஆனாலும் மாற்றும் முன் ஒன்று பாருங்கள். வண்டி நின்ற உடனே செல்ஃப் அடித்தால், கோளாறு பார்க்கும் ஸ்கேனர் கருவியில் ஆர்பிஎம் பூஜ்யத்தை விட்டு அசைகிறதா? அசையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. எஞ்சின் சுற்றும் வேகத்தைச் சொல்லும் இந்த சென்சார் எண்ணுவது கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் பல் சக்கரத்தை. ஆகவே அதன் அருகில்தான் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற ஃப்ளைவீல் பக்கம், இல்லையென்றால் முன்னால் கிராங்க் புல்லி பக்கம். வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினால் ஒற்றை போல்ட்டில் நிற்கும். கழற்றியதும் முனையைப் பாருங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் சில சமயம் இரும்புத்தூள் மீசைபோல ஒட்டியிருக்கும். துடைத்து மாட்டியே ஓடிய வண்டிகள் உண்டு.

அப்புறம் வயரையும் தடவிப் பாருங்கள். ஒரு வண்டிக்கு அடுத்தடுத்து இரண்டு புது சென்சார் போட்டு அசடு வழிந்தவன் நான். கடைசியில் பார்த்தால், பிராக்கெட்டில் உரசி வயரின் தோல் போயிருந்தது.

கேள்வி: இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாயில் இரண்டு கப்ளர் (வயர் செருகி) இருக்கிறது. எது பிரஷர் சென்சார்?

பதில்: வயரை எண்ணுங்கள். பொதுவாக மூன்று வயர் என்றால் சென்சார். இரண்டு என்றால் பிரஷரைக் குறைக்கும் வால்வு. எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. லோடில் 1000 பார் அழுத்தத்தைத் தாண்டும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை எப்படிக் கண்டுபிடிப்பது? பழையது வாங்கி மாட்டலாமா?

பதில்: பானெட்டுக்குள்ளோ டேஷ்போர்டுக்கு அடியிலோ, மாடலுக்கு மாடல் மாறும். இருப்பதிலேயே தடித்த வயர் கட்டைப் பிடித்துப் போங்கள். லீவர் பூட்டு போட்ட பெரிய கப்ளர்களோடு ஒரு தட்டையான பெட்டியில் போய் முடியும். சாவியை எடுத்துச் சில நிமிடம் கழித்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே கப்ளரில் கை வையுங்கள். பழையதை அப்படியே மாட்டினால் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டு வண்டியைக் கிளப்ப விடாது. இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணையும் அதில் புதிதாக ஏற்ற வேண்டும். விலை மலிவு என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: எனது பிஎஸ்6 வண்டியில் சைலன்சரிலிருந்து இரண்டு சின்னக் குழாய் மேலே வருகிறதே, அது என்ன?

பதில்: டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டியின் பிரஷர் சென்சாருக்குப் போகிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிட்டு, கரி எவ்வளவு அடைத்திருக்கிறது என்று கணிக்கும். செக் லைட் எரிந்தால் முதலில் அந்த ரப்பர் ஓஸ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றினால் எது முன்குழாய் என்று அடையாளம் போட்டு வையுங்கள். மாற்றிச் செருகி, அதற்கே தனியாக ஒரு பில் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.