குரக்கன் புட்டுக்கு மாறியும் நிறை குறையவில்லையே?

கேள்வி: மூன்று மாதமாக இரவில் அரிசிமாப் புட்டை விட்டுவிட்டுக் குரக்கன் புட்டுத்தான் சாப்பிடுகிறேன். சோறு மத்தியானம் மட்டும். வயது 44, உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 71 கிலோ. ஒரு கிலோகூட இறங்கவில்லை. ஏன்?
– இல்லத்தரசி, கொக்குவில்

பதில்: மா மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை என்றுதான் தெரிகிறது. 100 கிராம் அரிசிமாவில் ஏறத்தாழ 360 கலோரி. குரக்கன் மாவில் 330 அளவு. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் அதிகம், நல்ல சாப்பாடுதான். ஆனால் அதைச் சாப்பிட்டால் உடம்பு தானாகக் குறையும் என்பது வெறும் பேச்சு.

அடுத்தது தேங்காய்ப்பூ. அதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட மாவுக்குச் சமன். குரக்கன் புட்டு தொண்டையில் அடைக்கும் என்று அரிசிமாப் புட்டுக்குப் போடுவதைவிடக் கூடுதலாகப் போடுவார்கள். பிறகு சம்பலிலும் தேங்காய், சொதியிலும் முதற்பால்.

ஒரு தடவை மாவைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒருவருக்கு இரவில் 60 கிராம் மா போதும். தேங்காய்ப்பூ 15 கிராம், குவிக்காத இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவில் வரும். மிச்ச இடத்தை முருங்கையிலை, பொன்னாங்காணி அல்லது துருவிய கரட் நிரப்பட்டும். இலையைக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, பொடியாக அரிந்து, மாவைக் குழைத்துச் சுண்டுப் பேணியால் கொத்தி முடித்த பிறகு கலவுங்கள். ஈர இலையை மாவோடு சேர்த்துக் குழைத்தால் புட்டு கட்டிபட்டுப் பசையாகிவிடும். அவியும்போது இலை விடும் நீரே குரக்கனை மெதுவாக்கும், அதனால் தேங்காய் குறைந்தது பெரிதாகத் தெரியாது. சொதிக்கு இரண்டாம் பால் போதும். கூடவே சூடையோ கீரி மீனோ குழம்பாக, பொரியலாக அல்ல. சைவமென்றால் பயறு அல்லது பருப்பு. புரதம் இல்லாத புட்டு பத்து மணிக்கே பிஸ்கற் ரின்னைத் தேட வைக்கும்.

கடிதத்தில் தேத்தண்ணீர் பற்றி ஒரு வரியும் இல்லை! ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராம், 160 கலோரி. சேர்க்கும் சீனி 25 கிராம் அளவுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் திரும்பிவிடுவீர்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். பனங்கட்டியும் சீனிதான். ஆனால் கடித்துக் குடிக்கிற பழக்கம் இருந்தால் துண்டைச் சிறிதாக்குவது கரண்டியைக் குறைப்பதைவிடச் சுலபம்.

இப்போதைக்கு 3.5 கிலோவைக் குறிவையுங்கள். அது உங்கள் நிறையில் 5 வீதம். சீனி வருத்தம், பிறசர் இரண்டுக்கும் அந்தளவே பலன் தரும். கிழமைக்கு ஒரு நாள், காலையில் மலசலம் கழித்து, வெறும் வயிற்றோடு, ஒரே தராசில் நில்லுங்கள். இடுப்பையும் நாடாவால் அளவுங்கள்: நம்மவர்களில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை. சாப்பாடு குறைந்தும் நிறை ஏறினால், களைப்பு, முடி உதிர்வு, மாதவிடாய்க் குழப்பம் இருந்தால், வைத்தியரிடம் தைரொயிட் சோதனை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க அலுவலகக் கதிரை. வீட்டிலிருந்து 3 கிலோமீற்றர், மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஜிம்முக்கு நேரமில்லை. பண்ணைக் கடற்கரையில் நடந்தால் போதுமா?
– எழுதுவினைஞர், கந்தர்மடம்

பதில்: பண்ணைக்குப் போக ஆசைதான் வரும், மழைக்காலம் வந்ததும் நின்றுவிடும். அதைவிட, பழைய சைக்கிளைத் துடைத்து எடுங்கள். 3 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 15 நிமிடம். போக வர அரை மணித்தியாலம். ஐந்து நாளில் 150 நிமிடம். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குச் சொல்லப்படும் ஆகக் குறைந்த அளவு இதுதான், தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணம் மேடு பள்ளமில்லாத ஊர், அந்த வசதியை நாம் மறந்துவிட்டோம். வேகம் எவ்வளவு? பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது.

முழங்கால் நோகிறது என்று பலர் சைக்கிளை விடுவதற்குக் காரணம் தாழ்ந்த சீற். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் உயரத்துக்கு அதை ஏற்றுங்கள். காற்றுக் குறைந்த ரயரும் காலை வதைக்கும். தசைக்கென்று கிழமையில் இரண்டு நாள் கதிரையில் கை ஊன்றாமல் எழுந்து இருங்கள், 10 தடவையாக மூன்று முறை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 65 கிலோ உள்ளவர் அரை மணித்தியாலம் விறுவிறுவென்று நடந்தால் செலவாவது 130 கலோரி அளவுதான். வரும் வழியில் ஒரு மிதிவெடி (முட்டை வைத்துப் பொரித்த ரோல்ஸ்) சாப்பிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது.

கேள்வி: காலையில் தேசிக்காய்த் தண்ணீரில் தேன் விட்டுக் குடித்தால் கொழுப்புக் கரையுமா?
– மாணவி, மானிப்பாய்

பதில்: கரையாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி. நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு உபாதை வேறு. தண்ணீரை மட்டும் குடியுங்கள்.

கேள்வி: நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு நேரச் சாப்பாடு. முடிந்து பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. சீனிக்குக் குளிசை போடுகிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

பதில்: ஒரு நேரம் என்பது சோற்றுக்கு மட்டும். இடையில் வடை, மோதகம், வாழைப்பழம், பால் தேத்தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் என்று போனவற்றை ஒரு நாள் முழுக்க எழுதிப் பாருங்கள். நாள் முழுக்கப் பசித்த வயிறு அந்த ஒரு நேரத்தில் இரண்டு பேர் சோற்றையும் கேட்கும். சோற்றை அகப்பைக் கணக்கில் முதலே போட்டுவிட்டு, முதலில் கீரையும் பருப்பும் சாப்பிடுங்கள். இடைப் பசிக்கு அவித்த பயறு அல்லது சீனி போடாத மோர்.

குளிசை விஷயம் இதைவிட முக்கியம். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் வகைக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். விரதம் அன்றோடு சரி. அடுத்த வருடம் கொடியேறுவதற்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக் கொப்பியோடு வைத்தியரைக் கண்டு, குளிசையின் அளவையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவேண்டாம்.