ஸ்டேஷனில் நிறுத்தும் சைக்கிளுக்கு: கேபிள் பூட்டா, யு-லாக்கா?

ஸ்டேஷனில் நம்பர் வைத்துத் திறக்கும் கேபிள் பூட்டைப் பட்டப்பகலில் வெட்டிவிட்டார்கள், ஆயிரம் ரூபாய்க்குள் பையில் அடங்கும் பூட்டு எது என்று கேட்டிருந்தீர்கள். சின்ன யு-லாக் (U வடிவ எஃகுப் பூட்டு) வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்குள், பையில் அடங்கும்படி வேண்டுமென்றால் அதுதான் சரி. அந்த விலையில் வரும் மடக்குப் பூட்டுகளை (ரிவெட்டால் இணைத்த எஃகுப் பட்டைகள்) நான் நம்பமாட்டேன், ரிவெட் இணைப்பிலேயே விட்டுப்போகும்.

உங்கள் நம்பர் கேபிளைப் பட்டப்பகலில் வெட்டியிருக்கிறார்கள் என்றால், காரணம் அநேகமாக இதுதான்: தடிமனாகத் தெரிந்ததில் பாதி பிளாஸ்டிக் உறை. உள்ளே மெல்லிய கம்பி இழைகள். கைக்கு அடக்கமான கட்டர் போதும், சத்தமும் வராது.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். பூட்டின் உள்ளளவுக்கு ஒரு அட்டையை வெட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துப்போங்கள். தரையில் ஊன்றிய கம்பி, ஃபிரேம், பின்சக்கரம் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். கம்பி பருமனாக இருந்து அடங்காவிட்டால், 8 மி.மீ. கடினப்படுத்திய எஃகுச் சங்கிலிதான் வழி. கனம் கூடும்.

சக்கரத்தை மட்டும் பூட்டும் வளையப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள், சைக்கிளை அப்படியே தூக்கிப் போய்விடலாம்.

இந்த விலையில் எந்தப் பூட்டும் உலோகம் அறுக்கும் மின் கிரைண்டருக்கு முன் நிற்காது. இரவில் அங்கே விடாதீர்கள். முன்சக்கரம் குயிக் ரிலீஸ் (கருவி இல்லாமல் நெம்புகோலைத் திருப்பியே கழற்றும் வகை) என்றால், அந்த நெம்புகோல் கம்பிக்குப் பதில் சாவி போட்டு முடுக்கும் போல்ட் வகையை மாட்டிவிடுங்கள்.